ஸ்னைப்பருக்குப் பெரிய மெகசின் தேவையோ?

கொக்குவிலான்:
லண்டனில இருக்கிற மச்சானுக்கு எயார்சொஃப்ட் பைத்தியம், அதுதான் பிளாஸ்டிக் உருண்டை சுடுற விளையாட்டுத் துவக்குச் சண்டை. டோக்கியோ மருயி விஎஸ்ஆர்-10 எண்ட ஸ்னைப்பர் துவக்கு வைச்சிருக்கிறான். பிறந்தநாளுக்கு மெகசின் ஒண்டு ஒன்லைனில வேண்டி அவன்ர வீட்டுக்கே அனுப்புவம் எண்டு யோசிக்கிறன். துவக்கோட வந்ததில 30 உருண்டைதான் கொள்ளுமாம். கூடக் கொள்ளுறதா வேண்டினா நல்லமோ?

வல்வெட்டியான்:
காசைக் கரியாக்காதை. அது போல்ட் துவக்கு, ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துத்தான் ஸ்பிரிங்கை ஏத்தவேணும். பிரிட்டிஷ் ஆமியின்ர உண்மையான ஸ்னைப்பர் துவக்கு எல்115ஏ3 இலயே மெகசினுக்கு 5 ரவைதான்.

குரொய்டன் அண்ணை:
உண்மைத் துவக்கோட ஒப்பிடாதையும் தம்பி. அதின்ர ரவை கிலோமீற்றர் தாண்டியும் போகும். இது 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டை, நடுவில ஒரு இலை தட்டினாலே திசை மாறிப்போகும். காத்தைப் பார்க்க ஒண்டு, திருத்தி ரெண்டாவது, ஆள் அசைஞ்சா மூண்டாவது. இப்பிடியே 30 உம் கரைஞ்சிடும். பத்தைக்குள்ள படுத்துக்கிடந்து, உருண்டை ஏத்துற லோடரால மெகசினை நிரப்பிப் பாரும், அப்ப விளங்கும்.

வல்வெட்டியான்:
அதுக்காக நூற்றுக்கணக்கில கொள்ளுற ஹைகப் மெகசினோ? உருண்டையள் பெட்டிக்குள்ள கும்பலாக் கிடக்கும், சில்லைச் சுத்தினாத்தான் மேல ஏறும். ஓடேக்க கிலுகிலுப்பை மாதிரிக் கிலுங்கும். ஒளிச்சிருக்கிறவனுக்கு இதைவிட வேற வினை வேணுமே?

குரொய்டன் அண்ணை:
ஹைகப் எண்டு ஆர் சொன்னது? ஸ்பிரிங்காலேயே தள்ளுற நீட்டு மெகசினைச் சொல்லுறன். அது கிலுங்காது.

வல்வெட்டியான்:
நீட்டெண்டா கீழ நீட்டத்தானே வேணும். விஎஸ்ஆர் மெகசின் துவக்கின்ர கட்டைக்கு உள்ளயே அடங்கிறதுதான் அதின்ர அழகு. படுத்துச் சுடேக்க நிலத்தில முட்டினா, குறியும் போச்சு. 30 இன்ர மெகசின் இன்னும் ரெண்டு வேண்டி பொக்கற்றுக்குள்ள வை, விஷயம் முடிஞ்சுது.

இணுவில் அக்கா:
பெடியள், குறை நினையாதேங்கோ. நாங்கள் பங்கருக்குள்ள இருந்து வளந்த சனம். ஸ்னைப்பர், மெகசின் எண்டு இவ்வளவு ஆசையாக் கதைக்கிறதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. பிறந்தநாளுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?

குரொய்டன் அண்ணை:
விளங்குது பிள்ளை. இஞ்ச நானும் இதை யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவுக்குச் சொல்லுறேல்லை. ஆனா இது துவக்கைக் கண்ணாலயே காணாத நாட்டில பிறந்த விளையாட்டு. ஜப்பானில 2006 இல சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீற்றர் உருண்டையின்ர சக்தி 1 ஜூலுக்குள்ளயே நிக்கவேணும் எண்டு வைச்சவை. இஞ்ச பிரிட்டனில ஒற்றை வெடித் துவக்குக்கு 2.5 ஜூல் மட்டும் விடுவினம்.

இணுவில் அக்கா:
அம்மாவுக்குச் சொல்லுறேல்லை எண்டுறியள் பாருங்கோ, அதைத்தான் நானும் சொல்லுறன்.

கொக்குவிலான்:
அக்கா, அவன் அங்க பிறந்தவன், வேண்டாம் எண்டா கேட்கவே போறான். 2.5 ஜூல் எண்டா எவ்வளவு வேகம்?

குரொய்டன் அண்ணை:
0.20 கிராம் உருண்டை செக்கனுக்கு 500 அடி போனா 2.3 ஜூல் அளவில வரும். அதே சக்தியில 0.43 கிராம் போட்டா 340 அடிதான். ஆனா குழலுக்குள்ள இருக்கிற ஹொப்அப் ரப்பர் உருண்டையைப் பின்னால சுழற்றித் தூக்கிவிடுறதால பாரமானதுதான் காத்துக்கு வளையாமப் போகும். ஸ்னைப்பர்காரர் அதைத்தான் போடுவினம்.

வல்வெட்டியான்:
நீங்களே வந்து மாட்டிட்டியள் அண்ணை! பார உருண்டை விலை கூட. வாயில போட்ட கடலை மாதிரி அள்ளி எறியேலாது, எண்ணித்தான் சுடவேணும். மற்றது, கன இடங்களில ஸ்னைப்பர் 30 மீற்றருக்குள்ள நிக்கிறவனுக்குச் சுடவே விடாயினம், பிஸ்டலை எடுக்கவேணும். பிறகு எங்க முடியிறது உங்கட 30?

குரொய்டன் அண்ணை:
ஒருக்கா வந்து விளையாடிப் போட்டுக் கதையும். யூடியூப்பில பார்த்த அறிவு உது.

வல்வெட்டியான்:
யூடியூப்தான். கணக்குப் பிழையெண்டா சொல்லுங்கோ.

கொக்குவிலான்:
சண்டை பிடிக்காதேங்கோ. 30 இன்ர ரெண்டு வேண்டுறன், கூட ஒரு பை 0.43. மக்கிப்போற வகை உருண்டை வேண்டலாமோ?

குரொய்டன் அண்ணை:
மைதானம் கேட்டா மட்டும் வேண்டும். ஈரம் பிடிச்சா ஊதும், மெகசினுக்குள்ள கனநாள் விடவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லும். நீட்டு மெகசினை நான் அவனுக்கு வேண்டிக் குடுக்கிறன், வீடு எங்க?