செடி வளர்க்கிற 2 அடி மீன்தொட்டிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு): எலுமிச்சை உப்பா, சிலிண்டரா, எதுவுமே வேண்டாமா?

மதுரை_தொட்டி:
வணக்கம். 2 அடி தொட்டி, 60 லிட்டர், போர் தண்ணி. மான்டி கார்லோ, ரோட்டாலான்னு ரெண்டு நீர்ச்செடி நட்டு ஒரு மாசம் ஆச்சு. எல்இடி 9 மணி நேரம் எரியுது. மான்டி கார்லோ மஞ்சளாகிக் கரையுது, கண்ணாடியெல்லாம் பாசி. 12 நியான் டெட்ரா மீன், கொஞ்சம் செர்ரி இறால் இருக்கு. எலுமிச்சை உப்பு, சமையல் சோடா கலந்து பாட்டில்ல சிஓ2 உண்டாக்குற கிட் வாங்கலாமா, நேரா சிலிண்டருக்கே போயிடலாமா?

வேர்ப்பிடி:
சிலிண்டர்தான். 200 கிராம் சமையல் சோடா முழுசா வினையாகினாலும் 105 கிராம் வாயுதான் வரும். 2 கிலோ சிலிண்டர் அதைப்போல 19 மடங்கு. பாட்டில் தீரத் தீரக் குமிழியோட வேகமும் மாறும். நான் பார்த்தவரை, சிஓ2 குறைவா இருக்கிற தொட்டியைவிட ஏறி இறங்குற தொட்டியிலதான் பாசி அதிகம்.

நொய்யல்:
அப்படி மாறுறது ஈஸ்ட் போட்ட சர்க்கரைத் தண்ணிலங்க. வெயில் காலத்துல பொங்கிட்டு சீக்கிரமே அடங்கிரும், ராத்திரி நிறுத்தவும் முடியாது. எலுமிச்சை உப்பு கிட்டுல அழுத்தம் காட்டுற கேஜ், வாயுவைக் கூட்டிக் குறைக்கிற நீடில் வால்வு, கரண்ட்ல திறந்து மூடுற சோலனாய்டு எல்லாமே உண்டுங்க. நான் ஸ்டீல் பாட்டில் வச்சு ரெண்டு வருசமா ஓட்டறேன். மாசம் ஒருக்கா கலக்கோணும், அவ்வளவுதான். அதுல ஒரு நிம்மதியும் இருக்குதுங்க. வால்வு கெட்டாலும் 100 கிராமுக்கு மேல உள்ள போகாது. 2 கிலோ போனா என்னாகும்?

வேர்ப்பிடி:
அந்த நிம்மதி வேண்டாம் நண்பரே. 60 லிட்டர்ல 30 பிபிஎம்னா (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) 1.8 கிராம்தான். உங்க 100 கிராம்ல வெறும் 5 கிராம் மொத்தமா கரைஞ்சாலே 80 பிபிஎம் தாண்டிடும். மீனைக் கொல்ல பாட்டிலே போதும்.

நொய்யல்:
சரிதானுங்க, இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்ல. ஆனா ஒரு தொட்டி வச்சிருக்கிற புதுசுக்காரருக்கு கிட்டே போதும்ங்கிறதுல மாத்தமில்ல. பலசரக்குக் கடைல சோடா கிடைக்குது. வாயு நிரப்ப சிலிண்டரைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

அமைதிக்குளம்:
இருவரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். 9 மணி நேர விளக்குதான் முதல் கோளாறு. வெளிச்சம் கூடக் கூடச் செடி கார்பன் கேட்கும்; கிடைக்காதபோது பாசி ஏறும். விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மான்டி கார்லோவை எடுத்துவிட்டு கிரிப்டோகொரைன், அனுபியாஸ், ஜாவா பெரணி வையுங்கள். உங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அதிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். எந்தப் பாட்டிலும் வேண்டாம்.

நானும் சிலிண்டர் வைத்திருந்தவன்தான். ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொட்டி மூடியைத் திறந்தேன். பபுள் கவுண்டரில் குமிழியை எண்ணவே முடியவில்லை, ஒரே நீரோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. 14 டெட்ராவும் தரையில் கிடந்தன. நிறம் வெளுத்து, வாய் திறந்தபடி. ஒவ்வொன்றாக வலையில் எடுத்தேன். அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

வேர்ப்பிடி:
படிக்கவே கஷ்டமா இருக்குங்க. அது சிலிண்டர் தீரும்போது நடக்குறது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் பெருசா மாறாது. திரவம் தீர்ந்ததும் மளமளன்னு இறங்கும். அப்போ அழுத்தத்தை ஒரே படியில குறைக்கிற ஒற்றை நிலை ரெகுலேட்டரோட வெளியழுத்தம் ஏறும், நீடில் வால்வு வழியா அதிகம் தள்ளும். இரட்டை நிலை ரெகுலேட்டர்ல இந்த ஏற்றம் ரொம்பக் குறைவு. ராத்திரியும் வாயு போயிருக்குன்னா சோலனாய்டு மூடலை, இல்லாட்டி அப்போ வச்சிருக்கவே இல்லை. சரியா?

அமைதிக்குளம்:
சோலனாய்டு இல்லை. ரெகுலேட்டர் ஒற்றை நிலைதான். கேஜைத் தினமும் பார்ப்பேன், அது முந்தைய நாள்கூட நிறையத்தான் காட்டியது. எல்லாம் சரியாக இருந்தால் பாதுகாப்பு என்கிறீர்கள். வீட்டில் எல்லா நாளும் எல்லாம் சரியாக இருப்பதில்லை. என் எதிர்ப்பே அதுதான்.

வேர்ப்பிடி:
கேஜை நம்பினதுதான் சிக்கல். நம்ம வெயிலுக்கு அது இன்னும் மோசம். 31 டிகிரிக்கு மேலே கார்பன் டை ஆக்சைடு திரவமாவே நிக்காது, அழுத்தம் சூட்டோட சேர்ந்து ஏறும். மே மாசம் கேஜ் ஏறினா சிலிண்டர் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தமில்லை. நான் மாசாமாசம் தராசில் வைக்கிறேன். காலி எடை சிலிண்டர் தோள்ல குத்தியிருக்கும். வாயு 200 கிராம் மிஞ்சும்போதே மாத்திடுவேன்.

மதுரை_தொட்டி:
பழைய தீயணைப்பு சிலிண்டர் 2 கிலோ ஒன்னு பக்கத்துல கிடைக்குது. அதை வாங்கலாமா அண்ணா?

வேர்ப்பிடி:
அப்படியே வாங்காதீங்க தம்பி. அதுக்குள்ள அடிவரை ஒரு குழாய் போகும், தீயை அணைக்கத் திரவமா வெளியே வரணுமே. அந்தக் குழாயோட ரெகுலேட்டர் மாட்டினா திரவம் நேரா உள்ளே போய் சீல் போயிடும். வாயு நிரப்புற இடத்துலேயே கொடுத்து குழாயை எடுத்து வால்வை மாத்தணும், வீட்ல முறுக்கக் கூடாது. தோள்ல கடைசி அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்க, 5 வருசம் தாண்டியிருந்தா விட்டுடுங்க. வெயில் படாத இடத்துல, நிமிர்த்தி, சுவரோட கட்டி வைக்கணும்.

நொய்யல்:
பார்த்தீங்களா, இத்தனை வேலைங்க! கிட் வாங்குங்க தம்பி. எது வாங்கினாலும் டிராப் செக்கரை விட்றாதீங்க, தண்ணில சிஓ2 எவ்வளவுன்னு நிறத்துல காட்டுற சின்னக் குப்பிங்க அது. அதுல தொட்டித் தண்ணி ஊத்தக் கூடாது, 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) திரவம் ஊத்தோணும். நீலம்னா கம்மி, பச்சைன்னா 30 பக்கம், மஞ்சள்னா ஆபத்து. நிறம் மாற ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வால்வைத் திருகிட்டே இருக்காதீங்க.

மதுரை_தொட்டி:
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். முதல்ல விளக்கை 6 மணி நேரமாக்கினேன். பாசி பாதி குறைஞ்சிடுச்சு, அது அமைதிக்குளம் சார் சொன்னபடியே. ஆனா மான்டி கார்லோ நிமிரலை. புது சிலிண்டர், சோலனாய்டு, இரட்டை நிலை ரெகுலேட்டர் வாங்கிட்டேன், பட்ஜெட் தாண்டிப் போச்சு. விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்னாடி மூடுது. நேத்து மத்தியானம் செக்கர் பச்சை. மான்டி கார்லோ இலை ஓரத்துல முத்து முத்தா குமிழி நின்னுச்சு. இறால் மூச்சுக்குத் தவிச்சு மேலே வரலை.

அமைதிக்குளம்:
மகிழ்ச்சி தம்பி. என் கருத்து மாறவில்லை. ராத்திரிக்கு ஒரு ஏர் பம்பை டைமரில் மாட்டிவிடுங்கள். முதல் ஒரு வாரம் காலையில் விளக்கு எரியும் முன் ஒருமுறை போய் மீன் எங்கே நீந்துகிறது என்று பாருங்கள்.

மதுரை_தொட்டி:
பம்ப் இன்னைக்கே மாட்டுறேன் சார். காலைல அஞ்சரைக்கு எழுந்து பார்த்தேன், 12 நியானும் மேலே வராம அடிமட்டத்துலதான் நீந்திட்டு இருக்கு.