‘டேப்பிங் த சோர்ஸ்’ படித்தவர்கள் உண்டா? கடைசிப் பகுதி எனக்கு இடிக்கிறது

கோட்டைமதில்:
அமெரிக்க எழுத்தாளர் கெம் நன் 1984ல் எழுதிய ‘டேப்பிங் த சோர்ஸ்’ நாவலை இங்கே யாராவது படித்திருந்தால் கொஞ்சம் பேசலாமா? வேலூரில் இதைப் பேச ஆள் கிடைக்கவில்லை. சர்ஃபிங் (போர்டு என்ற பலகை மேல் நின்று கடல் அலையில் சறுக்குவது) நாவல் என்றாலே "பாலாத்துலயே தண்ணி இல்ல, உனக்கு கடல் அலை கேக்குதா" என்கிறார்கள்.

படிக்காதவர்களுக்கு ஒரு வரி. கலிபோர்னியாவில் ஒரு பாலைவனத்து ஊரில் பாட்டி, மாமா நிழலில் வளர்ந்த ஐக் டக்கர் என்ற பையன். பைக் பழுது பார்ப்பான், வேறு எதுவும் தெரியாது. வீட்டை விட்டுப் போன அக்கா எல்லன் மூன்று பேரோடு மெக்சிகோ போனாள், திரும்பவில்லை என்று யாரோ ஒருவன் வந்து சொல்லி, அந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை வைத்துக்கொண்டு ஐக் ஹண்டிங்டன் பீச் என்ற கடற்கரை ஊருக்குக் கிளம்புகிறான். அங்கே சர்ஃபிங் கற்றுக்கொள்வது, பைக் கும்பலைச் சேர்ந்த பிரஸ்டனின் சகவாசம், போர்டுக் கடை வைத்துக்கொண்டு போதைப்பொருள் விற்கும் ஹவுண்ட் ஆடம்ஸ். முதல் நாவலுக்கே அமெரிக்க தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியல் வரை போனார் மனுஷன், அது நியாயம்தான்.

(இனிமேல் கதை வெளியே வரும். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

என் பிரச்சினை முடிவுதான். அதுவரை எல்லாமே சில்லறைக் குற்றம், அதனால்தான் பயமாக இருந்தது. கஞ்சா விற்பவன், அடிதடிக்காரன், வாடகை அறையில் தூங்குகிற, ஊரை விட்டு ஓடிவந்த பொண்ணுங்க, எல்லாம் நம் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் பார்க்கக்கூடிய ஆட்கள். அப்புறம் கடைசியில் அந்தப் பணக்காரன் மைலோ ட்ராக்ஸின் பண்ணைக்குள் கதை நுழைந்ததும் சடங்கு, பலி என்று மாத நாவல் மந்திரவாதி லெவலுக்குப் போய்விடுகிறது. இரண்டு எழுத்தாளர் சேர்ந்து எழுதினார்களோ என்று தோன்றியது. உங்களுக்கு எப்படி?

காட்பாடி பிளாட்பாரம்:
அலை வர்ணனை வரும் பக்கமெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்தேன். கதை நல்லாதான் இருந்தது. முடிவும் ஓகே. இதுக்கு மேல யோசிக்கல.

கடைமடை:
தலைவரே, அலையைத் தாண்டிப் படித்தால் இந்த நாவலில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கோவளத்தில் மீனவப் பையன்களிடம் போர்டில் நிற்கக் கற்றுக்கொள்ள முயற்சி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன் (நின்றேனா என்று கேட்காதீர்கள்). தண்ணீரில் ஒரு சட்டம் இருக்கிறது, எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. அலை எந்த இடத்தில் உடைய ஆரம்பிக்கிறதோ அதற்கு மிக அருகில் இருப்பவனுக்குத்தான் அந்த அலை. மற்றவன் அவன் முன்னால் குறுக்கே ஏறினால் இரண்டு பேருக்கும் அடிபடும், அதனால் அதைப் பெரிய குற்றமாகவே பார்ப்பார்கள். எங்கள் ஊர் ஏரியில் மதகுத் தண்ணீருக்கு முறை வைப்பார்களே, அதே கதை. முறை தெரியாதவன் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் திருப்பினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகும்.

ஐக்குக்கு அந்த முறை தெரியாது. போர்டு எது வாங்குவது என்றே தெரியாமல் போய் நிற்கிறான், தண்ணீரில் இறங்கியதும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அந்த அடி சும்மா ஒரு சண்டைக் காட்சி இல்லை. இது யாருடைய அலை, இங்கே உனக்கு என்ன வேலை, இந்தக் கேள்விதான் நாவல் முழுக்க ஓடுகிறது. கரையில் ஹவுண்டுக்கும் பிரஸ்டனுக்கும் நடுவில் இருப்பதும் பழைய பங்காளிச் சண்டைதான், ஒரு காலத்தில் சேர்ந்து போர்டு செய்தவர்கள். இது எழுத்தாளர் கற்பனையில் பிடித்ததும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லுனாடா பே என்று ஒரு இடம், பணக்காரர்கள் குடியிருக்கும் ஏரியா, வெளியாள் போர்டோடு வந்தால் மிரட்டி விரட்டுவதையே பல வருஷம் வழக்கமாக வைத்திருந்தார்கள், 2016ல் அது கோர்ட்டு வரைக்கும் போனது.

அதனால் பண்ணை எனக்கு இடிக்கவில்லை. பாதிக் கதையிலேயே பிரஸ்டன் ஐக்கை அந்தப் பண்ணைக்குத் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போய் அங்கே இருக்கும் அலைகளைக் காட்டுகிறானே! வேலி, காவல், உள்ளே யாருமே இல்லாத அருமையான அலை. ஊரில் அத்தனை பேர் ஒரு அலைக்கு அடித்துக்கொள்ளும்போது ஒருத்தன் மட்டும் கடலையே வேலி போட்டு வைத்திருக்கிறான் என்றால் அவன் வேறு என்னவெல்லாம் வேலிக்குள் வைத்திருப்பான் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

கோட்டைமதில்:
@கடைமடை பண்ணை முன்னாலேயே வருகிறது, சரி. அது இடத்துக்கான தயாரிப்பு, சடங்குக்கான தயாரிப்பு எங்கே? பணக்காரன் கெட்டவன் என்பதற்குப் பலிபீடம் தேவையா? அந்தக் காலத்து சர்ஃபிங் உலகத்தில் நிஜமாக நடந்த குற்றங்களே போதுமே. 1964ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புகுந்து ஸ்டார் ஆஃப் இந்தியா நீலக்கல்லைத் தூக்கிய கும்பலில் ஜாக் மர்ஃபி என்பவர் சர்ஃபிங் சாம்பியன். ஹண்டிங்டனுக்குத் தெற்கே லகுனா பீச்சில் ஒரு கூட்டம், பெயர் கேட்டால் பஜனை மடம் மாதிரி இருக்கும், ‘நிலையான அன்பின் சகோதரர்கள்’. ஆப்கானிஸ்தானிலிருந்து ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசினைக் கடத்தினார்கள், போர்டின் வயிற்றைக் குடைந்து உள்ளே அடைத்தும் கொண்டுவந்தார்கள். எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து வேறு. இவ்வளவு சரக்கு கையில் இருக்கும்போது எதற்குப் பேய்ப் படம்?

ராணிப்பேட்டை ரோஸ்:
இரண்டு பேரும் வேலியையும் பலிபீடத்தையும் பேசுகிறீர்கள், பலியாகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே. எனக்கு இந்த நாவலில் நெஞ்சை உறுத்தியது பண்ணை இல்லை. அக்காவைத் தேடி வந்த பையன் அதே ஹவுண்டுக்கு, பார்ட்டிக்குப் பெண்களைப் பேசி அழைத்துவரும் வேலைக்கு இறங்குகிறானே, அந்த இடம்தான். கூப்பிட்டதும் நம்பி வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் யாரோ ஒருவனுக்கு அக்காதானே? அதை அவன் உணர்ந்தும் உணராமலும் போதையிலேயே கடக்கிறான். நன் அங்கே அவனை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, அது நல்ல எழுத்து. அந்த அத்தியாயங்களுக்குப் பிறகு பண்ணையில் நடப்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. எல்லாம் அதே வியாபாரத்தின் மொத்தக் கொள்முதல்.

ஆனால் எல்லனுக்கோ ஐக்கின் காதலி மிஷேலுக்கோ சொந்தமாக ஒரு அத்தியாயம் கிடையாது. தொலைய வேண்டும் அல்லது காப்பாற்றப்பட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேலை. 1984 என்று சமாதானம் சொல்லாதீர்கள், 1984லும் பெண்கள் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தக் குறை இல்லாத நாவல் வேண்டுமென்றால் அதே ஆளின் ‘டிஹுவானா ஸ்ட்ரெய்ட்ஸ்’ படியுங்கள், 2004. மெக்சிகோ எல்லையில் டிஹுவானா ஆறு. அந்தப் பக்கத் தொழிற்சாலைக் கழிவெல்லாம் ஆற்றோடு வந்து இந்தப் பக்கக் கடலில் கலக்கிறது. ஆலை முதலாளிகளுக்கு எதிராக ஆதாரம் சேர்க்கும் மக்தலேனா என்ற பெண், கொல்ல வந்தவர்களிடம் தப்பி எல்லை தாண்டி வந்து விழுகிறாள். காப்பாற்றுகிறவன் ஜெயிலுக்குப் போய்வந்த முன்னாள் சர்ஃபர், இப்போது மண்புழு வளர்த்துப் பிழைக்கிறான்! ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மேட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது அமெரிக்க நாவலாகவே தெரியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்று சொன்னது நம் பாலாற்றை வைத்துத்தான். சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள், நாவலில் யாரும் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. மணல் லாரி, கழிவு நீர், கேஸ் கட்டு எல்லாம் தயாராக இருக்கிறது, எழுத ஆள்தான் வேண்டும்.

காட்பாடி பிளாட்பாரம்:
மண்புழு சர்ஃபரா?? இது படிக்கலாம் போல இருக்கே அக்கா. அலை நிறைய வருமா?

ராணிப்பேட்டை ரோஸ்:
வரும் தம்பி. தாண்டக் கூடாது.

கடைமடை:
மக்தலேனா விஷயத்தில் மேடம் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதில் முதல் நாவலின் புழுக்கம் இல்லை. இந்த இரண்டும் கனமாக இருக்கிறது என்பவர்கள் டான் வின்ஸ்லோவின் ‘த டான் பேட்ரோல்’ பக்கம் போகலாம், 2008. சான் டியாகோ, துப்பறியும் சர்ஃபர், நண்பர் கூட்டம், நக்கல். நடுவில் சிறுமிகளைக் கடத்தும் விஷயம் வரும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

கோட்டைமதில்:
ரோஸ் மேடம் சொன்ன பார்ட்டி விஷயம் சரியான பாயிண்ட், அந்தக் கோணத்தில் பார்த்தால் ஐக் பண்ணைக்குப் போனதே அவன் சேர்த்த கணக்குத்தான். ஆனாலும் அந்த அங்கியும் சடங்கும் எனக்கு ஒட்டவில்லை, இன்னும் ஒட்டவில்லை. ‘டிஹுவானா’ பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.

ராணிப்பேட்டை ரோஸ்:
என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும், பரவாயில்லையா? பக்க ஓரத்தில் நான் பென்சிலில் திட்டியிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.