‘கொள்ளிடக்கரை உறவுகள்’ குழு: அறுவடைக்கு முந்தைய இரவு

2025 செப்டம்பர் 17, புதன்கிழமை

ராஜேந்திரன் மாமா (இரவு 8:12): எல்லாருக்கும் வணக்கம். சாயங்காலம் இறால் குளத்தில் வீச்சு வலை போட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு 48 இறால் நிற்கிறது. நல்ல வளர்ச்சி. ஆனால் ஏஜென்ட் போன மாத விலையிலிருந்து கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்துக் கேட்கிறார். இரண்டு குளத்திலும் சேர்த்து 4 டன் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கலை அக்கா (8:14): 1,60,000 ரூபாய் மாமா! 😟

விஜயா அத்தை (8:15): அந்தப் பணத்தில்தான் பாப்பாவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக இருந்தோம்.

தேன்மொழி (8:19): நம் இறாலுக்கு அமெரிக்கா போட்ட வரியைக் காரணம் சொல்கிறாரா மாமா?

ராஜேந்திரன் மாமா (8:20): ஆமாம்மா. "50 சதவீதம் போட்டுவிட்டான், கம்பெனி வாங்க மாட்டேன் என்கிறது" என்கிறார்.

தேன்மொழி (8:27): வரி உண்மைதான். ஏப்ரலில் 10 சதவீதம், ஆகஸ்ட் 7-இல் 25, ஆகஸ்ட் 27-இல் 50. இதற்கு மேல், மலிவு விலைக்குக் கொண்டுவந்து குவிக்கிறோம் என்று சொல்லி 2005 முதல் போடுகிற பொருள்குவிப்புத் தடுப்பு வரி ஒன்று. நம் அரசு ஏற்றுமதிக்குச் சலுகை கொடுக்கிறது என்று சொல்லிப் போன வருஷக் கடைசியில் போட்ட ஈடுகட்டும் வரி 5 சதவீதத்துக்கு மேல். எல்லாம் சேர்த்தால் 60-ஐ நெருங்கிவிடும். நம்மோடு போட்டி போடுகிற ஈக்வடாருக்கு அடிப்படை வரி 15தான். அவர்களுக்குக் கப்பல் தூரமும் குறைவு.

சித்தப்பா (8:31): வரி போடுவது அங்கே. இங்கே குளத்தங்கரையில் மறுநாளே விலை இறங்கிவிட்டதே, அது எப்படி? கப்பல் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அன்பு (8:40): நான் இப்போது ஹூஸ்டனில் கடையில்தான் நிற்கிறேன். இருங்கள், உறைபெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்பு (8:46): 2 பவுண்டு பை. "இந்தியா, பண்ணையில் வளர்த்தது" என்று போட்டிருக்கிறது. எண்ணிக்கை 31-40. விலை போன மாதம் வாங்கியபோது இருந்த அதே விலை. ஒரு சென்ட் கூட ஏறவில்லை.

ராஜேந்திரன் மாமா (8:48): 31-40 என்றால் என்ன கணக்கு தம்பி?

அன்பு (8:51): இங்கே பவுண்டுக்கு எண்ணுகிறார்கள் மாமா, அதுவும் தலை எடுத்த பிறகு. உங்கள் 48 கவுண்ட் இறாலின் தலையைக் கிள்ளிவிட்டு எடை போட்டால் பவுண்டுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வரும். அப்படியென்றால் என் கையில் இருப்பது உங்கள் இறாலின் அளவேதான்.

விஜயா அத்தை (8:52): அடடா. உங்கள் மாமா ராத்திரி 2 மணிக்கு எழுந்து தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கிற ஏரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்து வளர்த்த இறால் அங்கே போய் நிற்கிறதா!

தேன்மொழி (9:02): சித்தப்பா கேட்ட கேள்விக்கு அன்பு சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பையில் இருப்பது வரி ஏறுவதற்கு முன்பே வாங்கி இறக்கியதாக இருக்கும். அவர்களிடம் குளிர்கிடங்கு இருக்கிறது, சரக்கு இருக்கிறது, அதனால் இரண்டு மூன்று மாதம் வாங்காமல் உட்கார்ந்திருக்க முடியும். குளிர்கிடங்கில் இருக்கிற இறால் தீவனம் கேட்காது. மாமா குளத்தில் இருக்கிற இறால் கேட்கும். பேரத்தில் மாமா கை தாழ்ந்து போவது இந்த ஒரு காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

ராஜேந்திரன் மாமா (9:06): சரியாகச் சொன்னாய். ஒரு நாளைக்குத் தீவனம் மட்டும் 80 கிலோ போகிறது. டீசல் தனி. மழை தொடங்கிவிட்டால் தண்ணீரில் உப்பு இறங்கும், வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் நாலே நாளில் குளம் காலி. 95-இல் டைகர் இறாலில் எங்கள் அண்ணன் போட்ட பணம் முழுவதும் அப்படித்தான் போனது. ஆகவே காத்திருந்து விற்கலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். தீவனமே கடனில்தான் வாங்கினேன். கொடுத்தவரும் இந்த ஏஜென்டும் ஒரே ஆள். வேறு யாருக்கும் விற்க வழியில்லை.

சித்தப்பா (9:08): கடன் கொடுத்தவனே விலையும் சொன்னால் அது பேரமே இல்லை மச்சான்.

கலை அக்கா (9:15): இங்கே தூத்துக்குடியில் நான் போகிற இறால் கம்பெனியிலும் வாரம் ஆறு நாள் வேலை மூன்று நாளாகிவிட்டது. உரிக்கிற கிலோவுக்குத்தான் கூலி. ஐஸ் தண்ணீரில் கை விட்டு விட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கிறது, இருந்தாலும் ஆறு நாள் போனால்தான் வீட்டு வாடகை. என்னோடு இருக்கிற ஒடிசாப் பெண்கள் நான்கு பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

விஜயா அத்தை (9:16): கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள் கண்ணு.

சித்தப்பா (9:24): கடலுக்குப் போகிற எங்கள் கதையையும் கேளுங்கள். இவர்களுக்கு இந்த வருஷம் வந்த அடி எங்களுக்கு 2019 மே மாதமே வந்தது. கடலில் இழுவலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. வலையின் மடியில் ஆமை தப்பிக்கிற கம்பிச் சட்டம் இல்லை என்பது காரணம்.

அன்பு (9:26): அந்தக் கம்பிச் சட்டத்தை வலையில் மாட்டிவிட்டால் என்ன சித்தப்பா?

சித்தப்பா (9:33): மாட்ட வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. போன ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அதைப் பார்த்த எந்தக் கடல்காரனுக்கும் மனது கேட்காது. ஆமை எங்களுக்குச் சாமி மாதிரி. ஆனால் கம்பிச் சட்டம் மாட்டினால் இறாலும் மீனும் கொஞ்சம் அந்த வழியே போய்விடுகிறது. அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? ஆமையைக் காப்பாற்றிப் பிடித்த இறாலுக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல் என்று யாராவது சொன்னால் நாளைக்கே பாதிப் படகில் மாட்டிவிடுவார்கள்.

தேன்மொழி (9:38): இந்த வழக்கு உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போயிருக்கிறது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் அமெரிக்கா மேல் போட்டன. 1998 அக்டோபரில் தீர்ப்பு. ஆமையைக் காக்க விதி போடலாம், ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டி நடத்தியது தவறு என்றார்கள். அமெரிக்கா நடைமுறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது, விதி அப்படியே நின்றது.

விஜயா அத்தை (9:41): அது இருக்கட்டும். மத்தி ஏன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது? போன ஞாயிறும் இல்லை. கூடைக்கார அம்மா ஐந்தாறு மீனைக் காட்டி 100 ரூபாய் என்கிறாள்.

சித்தப்பா (9:45): வருகிற மத்தியைக் கரையிலேயே லாரிக்காரர் மொத்தமாக எடுத்துவிடுகிறார் அக்கா. மீன்தூள் ஆலைக்கு. எண்ணெய் பிழிந்து, மிச்சத்தைத் தூளாக்கி, கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. விரல் நீளப் பொடிமீன் கூடத் தப்புவதில்லை.

ராஜேந்திரன் மாமா (9:47): அப்படியானால் நான் போடுகிற 80 கிலோவில் உங்கள் அக்காவின் குழம்பு மத்தியும் இருக்கிறது என்கிறாய்.

சித்தப்பா (9:47): இருக்கிறது மச்சான். உங்களைக் குறை சொல்லவில்லை.

தேன்மொழி (9:55): இது இங்கே மட்டும் நடப்பதில்லை. மொரித்தானியா, செனகல், காம்பியா கரையில் நம் மத்திக்கு உறவான ஒரு மீன்தான் ஏழை வீட்டுச் சாப்பாடு. அதைப் புகை போட்டு விற்பது பெண்களின் தொழில். அங்கே மீன்தூள் ஆலைகள் வந்தபிறகு அந்தப் பெண்களுக்கு மீன் கிடைப்பதில்லை. தூள் கப்பலேறி வேறு நாட்டுப் பண்ணைகளுக்குப் போகிறது. பணக்கார நாட்டுத் தட்டில் ஒரு பெரிய மீன் வைக்க, ஏழை நாட்டுத் தட்டிலிருந்து பத்துச் சின்ன மீன் போகிறது. எனக்கு இதுதான் தாங்கவே முடியாத கணக்கு.

கலை அக்கா (9:57): சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் அந்தக் காலத்திலேயே சொன்னார்கள் இல்லையா? இறால் பண்ணைகளால் நாகப்பட்டினம் பக்கம் நெல் வயலெல்லாம் உப்பாகிறது என்று.

தேன்மொழி (10:01): ஆமாம் அக்கா. ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று ஆனது. 2009-இல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகை வந்தது. மாமாவும் பதிவு செய்துதான் நடத்துகிறார்.

ராஜேந்திரன் மாமா (10:03): பதிவு இருக்கிறது. ஆனால் பக்கத்து வயல்காரர் அப்பாவிடம் வந்து அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் தண்ணீரை வாய்க்காலில் நேராக விடாமல் தனிக் குட்டையில் தேக்கி விடுகிறேன்.

அன்பு (10:10): போன மாதம் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஓர் இறால் படகுக்காரரிடம் பேசினேன். வரி ஏறியதில் அவருக்குச் சந்தோஷம். "20 வருஷமாக வெளிநாட்டு இறால் வந்து என் விலையை டீசல் செலவுக்குக் கூடப் பற்றாமல் ஆக்கிவிட்டது" என்றார். இங்கே சாப்பிடுகிற இறாலில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. பேசிவிட்டு வரும்போது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. கையைப் பார்த்தால் அப்படியே இருந்தது, கயிறு அறுத்த தழும்போடு.

சித்தப்பா (10:12): அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை தம்பி. தேனு, முந்தாநாள் ஏதோ மீன் மானிய ஒப்பந்தம் அமலுக்கு வந்ததாமே. நம் டீசல் வரிச் சலுகை போய்விடுமா?

தேன்மொழி (10:20): இப்போதைக்கு இல்லைப்பா. உலக வர்த்தக அமைப்பில் 2022-இல் போட்ட ஒப்பந்தம் இந்தத் திங்கள்கிழமை அமலுக்கு வந்தது. திருட்டு மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கிற மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்பதுதான் அதில் இருக்கிறது. இந்தியா இன்னும் சேரவில்லை. பெரிய சண்டை அடுத்த கட்டத்தில். 2018 கணக்குப்படி உலக நாடுகள் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் 35.4 பில்லியன் டாலர், அதில் 22.2 பில்லியன் படகின் பலத்தைப் பெருக்கத்தான். தொலைதூரக் கடலில் போய் வாரிக்கொண்டு வருகிற பெரிய கப்பல்கள் முதலில் நிறுத்தட்டும், எங்களுக்கு 25 வருஷம் கொடுங்கள் என்பது இந்தியாவின் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

விஜயா அத்தை (10:22): நாளைக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள். ஏஜென்ட் காலையில் லாரி அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

கலை அக்கா (10:24): ஐரோப்பாவுக்குப் புதிதாக 102 இந்திய நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். விலை ஏறாதா?

தேன்மொழி (10:26): ஏறலாம் அக்கா. ஆனால் அங்கே இறாலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்ற சோதனை கடுமை, அனுப்புவதில் பாதியைப் பரிசோதிக்கிறார்கள். பலன் மாமாவின் குளத்துக்கு வர நாளாகும்.

ராஜேந்திரன் மாமா (10:33): முடிவு செய்துவிட்டேன். பெரிய குளத்தை நாளை ஏஜென்டுக்கே கொடுத்துத் தீவனக் கடனை அடைக்கிறேன். சின்னக் குளத்தில் பாதியை மட்டும் பிடித்து நாமே உள்ளூரில் விற்கலாம். குளத்தில் இறால் கூட்டம் குறைந்தால் மிச்சத்துக்குத் தீவனமும் காற்றும் குறைவாகப் போதும், 10 நாள் தாங்கும்.

சித்தப்பா (10:34): சீர்காழி, மயிலாடுதுறை கடைக்காரர்களிடம் நான் இப்போதே பேசுகிறேன். வண்டி என்னுடையது.

தேன்மொழி (10:35): பள்ளிக்கூட ஆசிரியர்கள் 12 பேர் ஆளுக்கு 2 கிலோ கேட்டிருக்கிறார்கள் மாமா, எழுதிக்கொள்ளுங்கள்.

ராஜேந்திரன் மாமா (10:37): எழுதிக்கொண்டேன். விடிகாலை 4 மணிக்கு வலை இறங்கும். ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டு வாருங்கள்.

விஜயா அத்தை (10:38): வருகிறவர்களுக்கு இட்லி வைத்திருப்பேன். டார்ச் லைட்டை மறக்காதீர்கள், கரை வழுக்கும்.