கொம்பு-சான்

டோக்கியோவில் நடுராத்திரிச் சாப்பாட்டுக் கடை என்றதும் எல்லாரும் ஷின்ஜூகுவைத்தான் சொல்வார்கள். நான் போன கடை ஒட்சுகாவில், டிராம் தண்டவாளத்தைத் தாண்டினால் வரும் சந்தில் இருந்தது. எட்டே இருக்கை. இரவு பதினொன்றுக்குத் திறந்து விடிய விடிய நடக்கும். கடைசி ரயிலை விட்டால் விடிகாலை நாலரை வரைக்கும் வேறு ரயில் கிடையாது. 2017 குளிர்காலத்தில், ஆபீஸ் வேலை இழுத்துக்கொண்டே போன ஒரு ராத்திரி, சிவப்பு லாந்தரைப் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

நான் சைவம். அங்கே மீனைக் கண்ணால் பார்க்காமலே சாப்பிட்டுவிடுவோம். காரணம் தாஷி. நம் மாசிக் கருவாடு மாதிரி, சூரை மீனைக் காயவைத்துச் சீவி, வெந்நீரில் போட்டு இறக்கும் சாறு அது.

என் பிரச்சினையைச் சொன்னதும் கடையே கூடிப் பேசியது.

"மிசோ சூப் குடிக்கலாமே?" என்றார் டாக்சி ஓட்டுநர்.

"அதில் தாஷி இருக்கே."

"சரி, டோஃபு?"

"மேலே தூவுவதே மீன் சீவல்தான்" என்றார் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த நர்ஸ்.

கடைசியில் ஒகாமி-சான், அதாவது கடைக்கார அம்மா, ஒனிகிரி எனும் சோற்றுருண்டை ஒன்றை வலைத்தட்டில் வைத்து, சோயா சாஸ் தடவித் தடவி வாட்டினார். ஓரம் கருகி மொறுமொறுவென்று, உள்ளே சூடான சோறு, நடுவில் உமேபோஷி என்னும் உப்பில் ஊறிய புளிப்புப் பழம். அந்த உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் நார்த்தங்காய் ஊறுகாய் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் போனபோது தாஷிச் சாற்றில் பலதையும் போட்டு மெதுவாகக் கொதிக்கவைக்கும் பெரிய ஒதென் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பாத்திரம். கொம்பு கடற்பாசியையும் உலர்ந்த ஷீடாக்கே காளானையும் முந்தின இரவே ஊறவைத்து எடுத்த சாறு. அதில் டைகோன் முள்ளங்கி, கொன்யாகு என்னும் கிழங்கு ஜெல்லி, பொரித்த டோஃபு. எனக்காக மட்டும். முள்ளங்கி சாற்றைக் குடித்துக் கண்ணாடி போல ஆகியிருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டுக் கடுகு விழுது.

மூலை இருக்கையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். மனைவி போன பிறகு தூக்கம் வருவதில்லையாம். 1908-இல் கிகுனாயே இகேடா இந்தக் கொம்பிலிருந்துதான் அதன் ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்து எடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார் என்று எனக்குப் பாடமே நடத்தினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என் பெயரை யாருமே கேட்கவில்லை. கொம்பு-சான் என்றே கூப்பிட்டார்கள்; சான் என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். எங்கள் மொழியில் கொம்பு என்றால் மாட்டுக்கு இருப்பது என்று சொன்னதும், டாக்சிக்காரர் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலைமேல் இரண்டு விரலை நட்டுக் காட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகிறவர். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

2019-இல் ஊர் திரும்பினேன். 2021 ஜனவரியில் கொரோனாவுக்காக டோக்கியோ சாப்பாட்டுக் கடைகளை எட்டு மணிக்கு மூடச் சொன்ன செய்தியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கடைதான். பதினொன்றுக்குத் திறக்கும் கடை என்ன செய்யும்?

2023-இல் வேலையாகப் போனபோது தேடிப் போனேன். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் திரைத்துணி தொங்கியது. வாத்தியார் இருக்கையில் வேறு யாரோ. அவரைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த மெனுச் சீட்டுகளில், பழுப்பேறிய ஒன்றில் ஒகாமி-சான் கையெழுத்து: "கொம்பு ஒதென், மீன் இல்லை."