ஊராட்சி சிமெண்ட் ரோடு கணக்கு கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு) போட்டேன், "தகவல் வரையறைக்குள் வராது"ன்னு வந்துடுச்சு. அடுத்து என்ன பண்றது?

கீழத்தெருக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊராட்சில 2023ல எங்க தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டாங்க. ரெண்டு மழை தாங்கல, ஓரமெல்லாம் பேந்து ஜல்லி பல்லைக் காட்டுது. போர்டுல 200 மீட்டர்னு எழுதிருக்கு, ஆனா தெருமுனைல இருந்து கோயில் வரைக்கும் நடந்து பாத்தா அவ்ளோ நீளம் இருக்கும்னு தோணவே இல்ல. கிளார்க்கிட்ட கேட்டா பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல கேளுங்கறாரு, அங்க போனா ஊராட்சில கேளுங்கறாங்க. சரின்னு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டேன். ரோடு ஏன் தரமில்லாம போட்டாங்க, எவ்வளவு ஊழல் நடந்துச்சு, யார் மேல நடவடிக்கை எடுத்தீங்க, கடைசி பத்து வருஷ வரவு செலவு மொத்தமும் குடுங்கன்னு கேட்டிருந்தேன். 28வது நாள் நாலே வரில பதில் வந்துச்சு. தலைவர் பதவிக்காலமும் 2025 ஜனவரியோட முடிஞ்சு இப்ப தனி அலுவலர்தான் இருக்காரு, பழைய கணக்கு இனிமே கிடைக்குமா?

பழைய கணக்குப்புள்ள:
தம்பி, நான் ஊராட்சி கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவன், கோவிச்சுக்காதீங்க, உங்க மனுவ நான் வாங்கிருந்தாலும் இதே பதிலத்தான் எழுதிருப்பேன். ஆபீஸ்ல ஏற்கனவே இருக்குற பேப்பரத்தான் ஆர்டிஐல வாங்க முடியும். "ஏன்"னு கேட்டா அதுக்கு ஃபைல் கிடையாது, "எவ்வளவு ஊழல்"னு எவனும் ரிஜிஸ்டர் போட்டு எழுதி வெக்கிறதில்ல. பத்து வருஷம்னு கேட்டதும் தப்பு, ஆபீஸ் வேலை கெடுதுன்னு சொல்லி தட்டிக்கழிக்க நீங்களே வழி காட்டிட்டீங்க.

ஒரே ஒரு வேலைய எடுங்க, உங்க தெரு ரோடு மட்டும். அதோட நிர்வாக அனுமதி, எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம் புக்கோட (வேலைய அளந்து எழுதுற அளவுப் புத்தகம்) அந்த வேலைக்கான பக்கங்கள், பில்லு செட்டில் பண்ண வவுச்சர், ஊராட்சி மன்றத் தீர்மான நகல், இவ்ளோதான். இதுல உயிர் எம் புக்லதான் இருக்கு. ஓவர்சியர் நீளம் அகலம் கனம் அளந்து எழுதி கையெழுத்து போட்டாத்தான் பில்லு பாஸ் ஆகும், அதனால அந்த பக்கத்தோட நகல் கைல வந்துட்டா, நீங்க ஒரு டேப் எடுத்துட்டு தெருவுல இறங்கினா போதும். தலைவர் போனா என்ன, ரெக்கார்ட் எல்லாம் ஆபீஸ் சொத்து, அங்கதான் இருந்தாகணும்.

பிடிஓ (கிராம ஊராட்சி) ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. அவர்கிட்ட இல்லேன்னா பிரிவு 6(3) படி 5 நாளைக்குள்ள அவரே உரிய ஆளுக்கு மாத்தி விடணும், உங்கள அலைய விடக்கூடாது. எதுக்கு கேக்குறீங்கன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல, 6(2)லயே இருக்கு.

மேட்டுக்காட்டான்:
ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். நகல் மட்டும் கேக்காதீங்க, நேர்ல பாக்கணும்னும் எழுதுங்க. ரெக்கார்ட பாக்குறதுக்கு மொத ஒரு மணி நேரம் காசு கிடையாது. நாங்க அப்படிப் போய் உக்காந்தப்பதான் பிளீச்சிங் பவுடர் பில்லு சிக்குச்சு. தேதிய பாத்தா நாலு மாசத்துக்குள்ள வேற வேற நாள்ல வாங்குன மூணு பில்லு, பில் நம்பர் 41, 42, 43! நாலு மாசமா அந்த கடைக்கு எங்க ஊராட்சிய தவிர வேற ஆளே வரல போல 😀. நகல் பக்கத்துக்கு 2 ரூபாதான், ஆனா எந்த பக்கம் வேணும்னு நேர்ல பாத்தாதான் தெரியும். பிரிவு 2(ஜே) படி வேலைய ஆய்வு பண்ணவும் பொருளோட சாம்பிள் எடுக்கவும் கூட உரிமை இருக்கு, ரோடு கனத்துக்கு அது உதவும்.

கீழத்தெருக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அப்ப நான் அப்பீல் போடணுமா, புதுசா மனு போடணுமா? இன்னொண்ணு, மனு போட்ட மறுநாளே காண்ட்ராக்டரோட ஆள் டீக்கடைல வெச்சு "என்ன தம்பி ஆர்டிஐ எல்லாம் போடுற"ன்னு கேட்டாரு. சிரிச்சுட்டேதான் கேட்டாரு, ஆனா வீட்டுல அம்மா பயப்படுறாங்க.

தாமரைக்குளம்:
புதுசா போடுங்க. அந்த பழைய கேள்விக்கு அப்பீல் போனா நாள்தான் வீண். புது மனுவுக்கு 30 நாள்ல பதில் வரலேன்னாலோ அரைகுறையா வந்தாலோ அதுல இருந்து 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கு ஃபீஸ் இல்ல. அதுலயும் நடக்கலேன்னா 90 நாளைக்குள்ள சென்னைல இருக்குற தகவல் ஆணையத்துக்கு. நாளைக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போடலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா அங்க கேஸ் வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகும், அத நம்பி உக்காராதீங்க.

பயத்துக்கு ஒரே மருந்து தனியா போகாம இருக்கிறது. தெருவுல நாலு பேர் ஆளுக்கொரு மனு போடுங்க, யாரன்னு வந்து கேப்பான்? இந்த சட்டமே ராஜஸ்தான் கிராமத்துல கூலிக்காரங்க மஸ்டர் ரோலையும் (வேலைக்கு வந்தவங்க பேர், கூலி எழுதுற பதிவேடு) பில்லையும் ஊர் நடுவுல படிச்சு காட்டி கேள்வி கேட்டதுல இருந்துதான் முளைச்சுது, 1996ல பியாவர்ல 40 நாள் தர்ணா உக்காந்தாங்க. நீங்களும் எம் புக் நகல கைல வெச்சுக்கிட்டு அடுத்த கிராம சபைல சத்தமா படிங்க. கூட்ட மினிட் நோட்டுல ஏத்தச் சொல்லி கையோட கேளுங்க. அதுக்குள்ள ஊராட்சி கணக்கு போடுற மத்திய அரசோட இகிராம்ஸ்வராஜ் சைட்லயும் பாருங்க, மத்திய நிதிக்குழு மானியத்துல போட்ட ரோடா இருந்தா பணம் போன விவரம் அதுல தெரியும்.

கீழத்தெருக்காரன்:
அப்டேட்: நேத்து சாயங்காலம் பசங்கள கூட்டிட்டு டேப் வெச்சு அளந்துட்டேன். 163 மீட்டர்தான் வருது. நாலு மனு ரெடி, நாளைக்கு ஸ்பீடு போஸ்ட்.

பழைய கணக்குப்புள்ள:
நல்லது, அளக்கும்போது ஒரு ஆள போட்டோ எடுக்கச் சொல்லிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும், இன்னொரு தரம் அளங்க. ஆனா 37 மீட்டர முழுங்கிட்டான்னு இப்பவே வாட்ஸப்ல போட்றாதீங்க. பக்கத்து சந்துல கொஞ்சம் போட்டு அதையும் ஒரே வேலைல சேத்து எழுதிருப்பாங்க சில நேரம். எம் புக் வரட்டும், மொத அத பாப்போம். வந்ததும் அந்த பக்கத்த இங்க போடுங்க, படிச்சு சொல்றேன்.