புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு அக்காவே கேட்டுவிட்டார்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சைவ சமயத்தவர். மதம் மாற்றப் பார்க்கிறேன் என்று நினைக்காதபடி அவரிடம் இயேசுவைப் பற்றி எப்படிக் கதைப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். துண்டுப்பிரசுரம் கொடு என்றார்கள் பலர். முதலில் அவர் கேட்கட்டும் என்றார் ஒருவர். பைபிளில் 1 பேதுரு 3:15-ம் விசாரிப்பவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தானே சொல்கிறது? சரி, காத்திருந்தேன்.

மதிலுக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டியபடி அவரே கேட்டார்: "2019 ஈஸ்டரில சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சுச் சின்னப்பிள்ளையளும் செத்ததே. பிறகும் எப்பிடித் தம்பி சேர்ச்சுக்குப் போறீங்க?"

"பயந்து பயந்துதான் அக்கா" என்றேன். சிலுவை, மன்னிப்பு என்று தெரிந்தளவில் சொன்னேன்.

"மன்னிச்சா, செய்தவனப் பிடிக்கத் தேவையில்லையா?" என்று மடக்கினார். நல்ல கேள்வி! பழிவாங்காதே என்கிற ரோமர் 12-க்கு அடுத்த அதிகாரமே, தவறு செய்பவனைத் தண்டிப்பது அரசின் வேலை என்கிறது. அதைக் காட்டினேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

லூக்கா சுவிசேஷத்தை இரவல் வாங்கியிருக்கிறார். பதிலுக்கு என்னை மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கூப்பிடுகிறார். கூடப் போவேன். பிரசாதம் நீட்டினால்? விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை ஆழமாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்.