வள்ளத்தில் ஓர்கா: சுறா மாதிரி வருது

குளச்சலில் ஒரு வள்ளத்து முகப்பில் ஹைடா (வட அமெரிக்காவின் வடமேற்குக் கரைப் பழங்குடி) பாணியில் ஓர்கா திமிங்கலம் கேட்கிறாங்க. வரைஞ்சா சுறா மாதிரி தெரியுது. எங்கே தப்பு?

பதில்: தம்பி, முதுகுத் துடுப்பு நெட்டையா நிமிர்ந்து நிக்கணும். மூச்சுத்துளையும் பல் தெரியும் வாயும் கட்டாயம். கறுப்புக் கோடு ஒரே தடிமனா போனா உயிர் இருக்காது. வளைவில் தடிச்சு, சேருமிடத்தில் மெலியணும். கண்ணைச் சுத்தின வடிவம் முட்டை இல்லை, அடிப்பக்கம் லேசா உள்வாங்கும். அட்டையை மடிச்சுப் பாதி வரைஞ்சு வெட்டினா ரெண்டு பக்கமும் ஒத்துவரும். கறுப்புக்குப் பிறகு சிவப்பு, கடைசியா நீலப்பச்சை.

பதில்: அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கடலில் மூழ்கினவங்க ஓர்காவா மாறுவாங்கன்னு ஹைடா மக்கள் நம்பிக்கை. நம்ம கரையில் அதோட கனம் சொல்லாமலே புரியும். அங்கே ஓர்கா குலச்சின்னம், உரிமையுள்ள குடும்பமே போடும். குலக்கம்பத்து (குலச்சின்னம் செதுக்கி நடுற மரத்தூண்) உருவத்தை நகலெடுக்காம சொந்தமா வரைங்க.